மாட்டுப்பால் நிறுத்திய 30 நாள்: எந்தப் பாலை எதற்கு எடுப்பது

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) போன் பண்ணினார்கள். "டயட்டீஷியன் ஒரு மாசத்துக்குப் பால், தயிர், அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. மத்ததையெல்லாம் சமாளிச்சுக்குவேன். காலைக் காப்பிக்கு நீ என்ன பால் ஊத்துன?" என்று கேட்டார்கள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவர்களைப் போல இன்னும் நாலு பேருக்கு உதவும்.

எனக்கு 49 வயது. கானாடுகாத்தானில் இருக்கிறோம். ஒற்றைத் தலைவலி, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்வது, இந்த இரண்டுக்காக மதுரையில் ஓர் உணவு ஆலோசகரைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொடுத்தது 30 நாள் முறை. அமெரிக்காவில் 2009-ல் மெலிசா ஹார்ட்விக், டாலஸ் ஹார்ட்விக் இருவரும் தொடங்கிய 'ஹோல்30' என்பதை ஒட்டியது. பால் பொருள், தானியம், பயறு பருப்பு, சர்க்கரை (வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் சேர்த்து), மது, இவற்றை 30 நாள் அறவே விடுவது. காய், பழம், கறி, மீன், முட்டை, கொட்டைகள், தேங்காய் சாப்பிடலாம். பாலில் வருவதில் நெய்க்கு மட்டும் அனுமதி உண்டு. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பது.

இந்தக் கணக்கில் கடையில் 'பாலுக்கு மாற்று' என்று விற்பதில் பாதி முதல் நாளே அடிபட்டுவிடும். ஓட்ஸ் பால், அரிசிப் பால், நம் கேழ்வரகுப் பால் மூன்றும் தானியம். சோயாப் பால் பயறு. நிலக்கடலைப் பாலும் அப்படித்தான். கடலையைக் கொட்டை என்று நினைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது மண்ணுக்குள் காய்க்கும் பயறு, துவரை உளுந்தின் சொந்தம். கேழ்வரகை விடத்தான் எனக்கு மனம் வரவில்லை. பாலில்லாத வீட்டில் சுண்ணாம்புச் சத்துக்குத் தானியங்களில் அதைப்போல இன்னொன்று கிடையாது. ஆனால் சோதனை என்று இறங்கிய பிறகு ஒன்றுக்கு மட்டும் சலுகை கொடுத்தால், முடிவில் எது தலைவலி கொடுத்தது என்று தெரியாமலே போய்விடும். ஓட்ஸ் பாலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்டையில் 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று இருந்தாலும் அது இனிக்கும். தயாரிக்கும்போது என்சைம் விட்டு ஓட்ஸின் மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்துவிடுகிறார்கள்.

மிஞ்சுவது தேங்காய், பாதாம், முந்திரி, எள், வெள்ளரி விதை மாதிரி விதைகள். இதில் 'எது நல்ல பால்' என்று கேட்டு நான் பத்து நாளை வீணாக்கினேன். 'எதற்கு வேண்டும்' என்று கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். குழம்புக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று, குருமாவுக்கு ஒன்று. ஒரே பால் மூன்றுக்கும் சரிவராது.

முதலில் தேங்காய். இது நமக்குப் புதுசு இல்லை. பால் பணியாரத்துக்கும் கோழிக் குருமாவுக்கும் காலங்காலமாகப் பிழிந்ததுதான். எங்கள் ஐயா மலாயாவில் கணக்குப் பார்த்தவர்கள். அங்கே இதற்குச் சந்தான் என்று பேர், அதை ஊற்றாமல் அந்த ஊர்க்காரர்கள் சமையலே செய்யமாட்டார்கள் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி, தென்னை குறைவு. நான் வாங்கும் கடையில் பேராவூரணிக் காய்தான் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது இங்கே தேங்காய்க்கு நாங்கள் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது.

பாலுக்கு முற்றிய காய் வேண்டும். கையில் எடுத்தால் கனம் தெரியவேண்டும், ஆட்டினால் தண்ணீர் சலசலக்கவேண்டும், கண் மூன்றும் ஈரமோ பூஞ்சையோ இல்லாமல் காய்ந்திருக்கவேண்டும். தண்ணீர்ச் சத்தமே இல்லாத காய் கொப்பரைப் பக்கம் போய்விட்டது. அதில் பால் வராது, எண்ணெய் வாடைதான் வரும். இளசாக இருந்தால் பால் தண்ணியாக நிற்கும். துருவும்போது சிரட்டையை ஒட்டிய பழுப்புத் தோல் விழாமல் வெள்ளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழம்புக்கு அது பாதகமில்லை, காப்பியில் லேசாகக் கசக்கும்.

ஒரு முழுக் காயின் துருவலுக்கு 150 மி.லி. தண்ணீர். கை பொறுக்கிற சூடு இருக்கவேண்டும். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் கொழுப்பு சக்கையோடு தங்கிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற பொருள், வெதுவெதுப்பு இருந்தால்தான் இளகிப் பாலோடு வரும். மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரே மூச்சாக ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். எங்கள் வீட்டில் பழைய மல்வேட்டியைச் சதுரமாகக் கிழித்து வைத்திருக்கிறோம். அதில் கொட்டி முறுக்கிப் பிழிந்தால் 200 மி.லி.யை ஒட்டி முதல் பால் வரும். சக்கையை மறுபடி மிக்சியில் போட்டு ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு இரண்டாம் பால். மூன்றாவது பாலும் எடுக்கலாம், கறியை வேகவைக்க அதை ஊற்றுவேன். சக்கையைப் பீன்ஸ் பொரியலில் தூவிவிடுவேன்.

முதல் பாலைக் கொதிக்கவிடாதீர்கள். சமைக்கத் தெரிந்த எல்லோரும் சொல்வதுதான், காரணத்தைத்தான் சொல்வதில்லை. கொழுப்புத் துளிகளைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது தேங்காயில் உள்ள கொஞ்சம் புரதம். அது 80 டிகிரிக்கு மேலே போனால் உறைந்து பிடியை விட்டுவிடும், பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். புளியும் தக்காளியும் அதே வேலையைச் செய்யும். அதனால் மீன் குழம்புக்கு இரண்டாம் பாலில் புளியை வேகவிட்டு, இறக்கப் போகும்போது முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் அணைத்துவிடவேண்டும்.

எங்கள் ஊர் வெயிலில் காலையில் பிழிந்த பால் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே நிற்காது. குளிர்பெட்டியில் மறுநாள் காலைவரை வைக்கலாம், மேலே ஏடு கெட்டியாக உறையும், அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் இளகிவிடும். தினம் பிழிய முடியாதவர்கள் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். உருகியதும் பிரிந்து தெரியும், குழம்புக்குச் சரி, காப்பிக்கு வேண்டாம்.

இனிக் காப்பி. அண்ணமிண்டி கேட்டது இதைத்தான்.

முதல் நாள் நான் வெறும் தேங்காய்ப் பாலில் போட்டேன். குடிக்க முடிந்தது, ஆனால் வாயில் எண்ணெய்ப் பசை நின்றது. இரண்டாம் நாள் பாதாம் பால். சூடான டிகாஷனில் ஊற்றியதும் மோர் மாதிரித் திரிந்துபோனது. பாதாம் புரதத்துக்குப் புளிப்பும் சூடும் ஒரே நேரத்தில் பட்டால் தாங்காது, காப்பி டிகாஷன் புளிப்புப் பக்கம்தான். ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து எனக்கு நிலைத்தது இரண்டையும் சேர்த்த பால். 12 பாதாமை இரவு ஊறப்போட்டுக் காலையில் தோலை உரித்து, அரை மூடித் துருவலோடு 300 மி.லி. வெந்நீர் விட்டு நைசாக அரைத்து, துணியில் பிழிந்துகொள்ளவேண்டும். தேங்காய் கொழுமையைக் கொடுக்கும், பாதாம் அந்தப் பசையை மறைத்துப் பால் போலத் திடம் கொடுக்கும். இரண்டு பேருக்குக் காணும்.

போடும் வரிசை முக்கியம். பாலை ஆவி வரும்வரை மட்டும் சுடவையுங்கள். டிகாஷனை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பாலில் டிகாஷனை மெல்ல ஊற்றுங்கள். டிகாஷனில் பாலை ஊற்றக்கூடாது. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் நுரைகூட வரும். சிக்கரி கலந்த தூளாக இருந்தால் தேங்காய் வாடை அடங்கிவிடும். சிக்கரி ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது, தானியமும் இல்லை பயறும் இல்லை என்பதால் எனக்கு அனுமதித்தார்கள். சர்க்கரை இல்லாமல் முதல் ஐந்து நாள் அழுகை வந்தது, உண்மையாகவே. ஆறாம் நாளிலிருந்து பாதாமின் இனிப்பே நாக்குக்குத் தெரியத் தொடங்கியது.

டீ குடிப்பவர்களுக்கு இவ்வளவு பாடில்லை. இரண்டாம் தேங்காய்ப் பாலில் இஞ்சி, ஏலம் தட்டிப் போட்டால் போதும்.

முந்திரிப் பால் வடிகட்டவே வேண்டாம். இரண்டு மணி நேரம் ஊறினால் வெண்ணெயாக அரையும். அதில் மாவுச்சத்து இருப்பதால் சூடேற ஏறக் கெட்டியாகும், காப்பிக்குக் கஞ்சி மாதிரி ஆகிவிடும். அதன் இடம் குருமா. நாம் குருமாவைக் கெட்டிப்படுத்தப் பொட்டுக்கடலை அரைத்து விடுவோம் இல்லையா, அது பயறு, 30 நாளைக்கு ஆகாது. அதற்குப் பதில் பத்து முந்திரி, கொஞ்சம் கசகசா, சோம்பு. சுவையில் ஒரு குறையும் தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் ஆதனக்கோட்டையில் வாங்குகிற முந்திரி வாசமாக இருக்கும், ஆனால் வறுத்தது பாலுக்கு ஆகாது, பச்சைப் பருப்பாகக் கேட்டு வாங்குங்கள். முந்திரி சிலருக்கு வயிறு உப்பும். எனக்கு உப்பியது, அதனால் குருமா அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

குருமா பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பார்கள். டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும். பாலை மாற்றிவிட்டுப் பெருங்காயத்தில் கோட்டை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாதாம், முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் வெள்ளரி விதை, பூசணி விதையில் பால் எடுக்கலாம். ஒரு கைப்பிடி விதைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். லேசாகப் பச்சை வாடை இருக்கும், ஏலக்காய் தட்டிப் போடவேண்டும். எள்ளுப் பால் நான் இரண்டு தடவை செய்தேன், கசப்பை நீக்கத் தோல் நீக்கிய வெள்ளை எள் வேண்டியிருக்கிறது, தோலோடு சுண்ணாம்புச் சத்தும் போய்விடுகிறது. அதற்கு எள்ளை வறுத்துப் பொடியாகக் காயில் தூவிச் சாப்பிடுவது மேல்.

சுண்ணாம்புச் சத்து விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்கக்கூடாது. 100 மி.லி. மாட்டுப்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியமும் 3 கிராமுக்கு மேல் புரதமும் இருக்கிறது. தேங்காய்ப் பாலில் கால்சியம் 20 மில்லிகிராம்கூடத் தேறாது. வீட்டில் பிழிந்த பாதாம் பாலிலும் சொற்பம்தான், சத்தில் பாதி துணியில் தங்கிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் வகுத்திருக்கிறது. நிறம் ஒன்றாக இருப்பதால் இது அதற்கு ஈடு என்று நினைத்துவிடக்கூடாது. நான் முள்ளோடு சாப்பிடும் நெத்திலியை வாரம் மூன்று நாள் வைத்துக்கொண்டேன், முருங்கைக்கீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். சைவமாக இருப்பவர்களுக்குப் பாலும் இல்லை, பருப்பும் இல்லை என்றால் புரதத்துக்கு வழி மிகக் குறைவு. அவர்கள் ஆலோசகரிடம் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை ஊசி எடுப்பவர்கள், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தப் பால்களில் எதையும் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கக்கூடாது. வளர்ந்த பிள்ளைகளானாலும் மருத்துவர் சொல்லாமல் பாலை நிறுத்தாதீர்கள்.

இப்போது பாக்கெட். நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் ஒரு கல்யாணத்துக்காகத் தேவகோட்டை போக வேண்டியிருந்தது. அங்கே போய்ப் பிழிய முடியாது என்று தேங்காய்ப் பால் பொடி ஒரு பாக்கெட் வாங்கினேன். கடைத் தம்பி, "ஆச்சி, வெந்நீர்ல கலக்குனா போதும், அசல் தேங்கா" என்றார். அவர் மேல் குற்றமில்லை, முன்பக்கம் தேங்காய்ப் படம்தான் இருந்தது. இரண்டு நாள் அதில் காப்பி குடித்தேன். வயிறு பழையபடி உப்பியது. தேங்காயே ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயந்துபோய், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தால், மால்டோடெக்ஸ்ட்ரின், சோடியம் கேசினேட். கேசினேட் என்பது மாட்டுப்பாலின் புரதமேதான். பொடி கட்டி தட்டாமல் கரைய அதைச் சேர்க்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில் 'பால் அடங்கியது' என்றும் இருந்தது. 11 நாள் போய், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

அதனால் முன்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். நம் நாட்டில் உட்பொருள்களை எடை வரிசையில்தான் எழுதவேண்டும், அதிகம் உள்ளது முதலில். பாதாம் பானத்தில் தண்ணீருக்கு அடுத்துச் சர்க்கரை, அதற்கப்புறம் பாதாம் என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பாதாம் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், பல அட்டைகளில் 2, 3 சதவீதம்தான். வீட்டில் ஒரு கைப்பிடி பாதாமுக்கு நீங்கள் ஊற்றும் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வெர்ட் சிரப், ரைஸ் சிரப் எல்லாம் சர்க்கரையின் உறவுக்காரர்கள். சேர்க்கும் பொருள்களுக்குப் பேருக்குப் பதில் எண்ணும் போட்டிருப்பார்கள். எண் 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, சர்க்கரை இல்லாமலே இனிக்கவைப்பவை, இவையும் இந்த 30 நாளில் வேண்டாம். 322 லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 'புரதம் கூட்டியது' என்றால் பட்டாணிப் புரதமோ சோயாவோ இருக்கும். 412, 415, 418 கெட்டிப்படுத்தும் கோந்துகள், எனக்கு அவற்றை அனுமதித்துவிட்டார்கள். 407 காராஜீனன், கடற்பாசியில் எடுப்பது, வயிற்றுக் கோளாறுக்காக வந்தவள் என்பதால் எனக்கு வேண்டாம் என்றார்கள். 170 கால்சியம் கார்பனேட், அது இருந்தால் நல்லதுதான், அடியில் படியும், குலுக்கி ஊற்றவேண்டும்.

அட்டையில் 'பாதாம் பால்' என்று இல்லாமல் 'பானம்', 'ட்ரிங்க்' என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாவரப் பானங்களைப் பால் என்று சொல்லி விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. தேங்காய்ப் பால் மட்டும் காலங்காலமாக வழங்குகிற பேர் என்பதால் தப்பித்தது. டின்னில் வரும் தேங்காய்ப் பாலில் தேங்காயும் தண்ணீரும் மட்டும் உள்ளது கிடைத்தால் பயணத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தேங்காய்ப் பாலும் பேரீச்சையும் கைவசம் இருக்கிறது, எதுவும் விதியை மீறவில்லை என்று பாயசம் காய்ச்சும் எண்ணம் பதினைந்தாம் நாளுக்கு மேல் வரும். எனக்கும் வந்தது. இனிப்புக்கு நாக்கு அலைவதைத்தான் அந்த 30 நாளில் நிறுத்தப் பார்க்கிறோம். பால் காப்பியோடும் குழம்போடும் நிற்கட்டும்.

31-ஆம் நாள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், அங்கேதான் பட்ட பாடு வீணாகிறது. ஒரு வகையை ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாள் பழையபடி இருந்து உடம்பைக் கவனிக்கவேண்டும். நான் பருப்பை முதலில் சேர்த்தேன், பிறகு அரிசி, அதற்கப்புறம் பால், கடைசியில் கோதுமை. பால் நாளன்று காலையும் மாலையும் மாட்டுப்பால் காப்பி, சர்க்கரை போடாமல். அன்று ராத்திரியே வயிறு கல்லாக நின்றது, மறுநாள் மதியம் இடது பக்கம் தலைவலி. ஒரு வாரம் கழித்துத் தயிரைத் தனியாகப் பார்த்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. புளிக்கும்போது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை குறைந்துவிடுகிறது, எனக்குப் பகை லாக்டோஸ்தான் போலிருக்கிறது என்று ஆலோசகர் சொன்னார். பால் புரதமே ஒவ்வாமை என்று வருபவர்களுக்குத் தயிரும் ஆகாது, ஆட்டுப்பாலும் ஆகாது.

இப்போது மதியம் தயிர் உண்டு. காலையில் 12 பாதாமும் அரை மூடித் தேங்காயும். அண்ணமிண்டி, பாதாமை இன்று ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். திரிந்தால் போன் பண்ணுங்கள், டிகாஷன் சூட்டைத்தான் முதலில் கேட்பேன்.